ஆர்.சி. சபை ஒரு கல்ட்டா?

கேள்வி: பெங்களூரு ஒயிட்ஃபீல்டிலிருந்து ஒரு வாசகர், 1 செப்டம்பர் 2025

என் ரூம்மேட் திருச்சிக்காரன், ஆர்.சி., அதாவது ரோமன் கத்தோலிக்கன். மாதா திருவிழாக் கொடியேற்றத்திலிருந்து காவி உடுத்திக்கொண்டு விரதம் இருக்கிறான். நேற்று அவனோடு சிவாஜிநகர் மாதா கோயிலுக்குப் போனேன். கூட்டத்தைப் பார்த்து மிரண்டுவிட்டேன். வீட்டுக்கு வந்து அவனிடம் கேட்கக் கேட்க இன்னும் மிரட்சி. ரோமில் ஒருவர் சொன்னால் அதில் தவறே இருக்காதாம். செய்த பாவத்தை ஓர் ஆளிடம் போய்ச் சொல்லணுமாம். அப்பத்தை உண்மையான உடல் என்று நம்பிச் சாப்பிடுகிறார்கள். கன்னியாஸ்திரிகள் கீழ்ப்படிவோம் என்று வாக்குக் கொடுக்கிறார்கள். இதே நாலையும் ஐம்பது பேர் கோரமங்கலாவில் ஒரு வீட்டுக்குள் செய்தால் கல்ட், ஆளை வளைத்துப் பிடித்துவைக்கும் கூட்டம், என்போம். 140 கோடிப் பேர் செய்தால் மதமா? நேர்மையாக யாராவது சொல்லுங்கள்.

பதில்: 1 செப்டம்பர், இரவு 10.40

நான் அந்தக் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கியவள் தம்பி. வளர்ந்தது சிவாஜிநகர், இப்போது லிங்கராஜபுரம். கல்ட் இல்லை என்பது என் பதில். ஆனால் உங்கள் கடைசி வரியைத் தட்டிக்கழிக்க முடியாது. ஆள்கணக்கு எதையும் நிரூபிக்காது. கி.பி. 112 வாக்கில் பிளினி என்ற ரோமானிய ஆளுநர் சக்கரவர்த்தி டிராஜனுக்கு ஒரு கடிதம் எழுதினார். கிறிஸ்தவர்கள் விடியுமுன் கூடிப் பாடுகிறார்கள், இரண்டு அடிமைப் பெண்களைச் சித்திரவதை செய்து விசாரித்தேன், கிடைத்ததெல்லாம் மட்டுமீறிய மூடநம்பிக்கைதான் என்கிறார். அன்று நாங்கள் உங்கள் கோரமங்கலா ஐம்பது பேர். சின்னக் கூட்டம் என்பதாலேயே கல்ட் என்றால் எல்லா மதமும் ஒருநாள் கல்ட்தான்.

நம்பிக்கை விசித்திரமாக இருப்பதும் அளவுகோல் ஆகாது. வெளியே நின்று பார்த்தால் எதுதான் விசித்திரமில்லை? கேள்வி கேட்டவனுக்கு என்ன ஆகிறது, விட்டுப் போனவனுக்கு என்ன ஆகிறது, இதைத்தான் நான் பார்ப்பேன். என் அண்ணன் கோயில் வாசலை மிதித்துப் பல வருஷம் ஆகிறது. கடவுள் இல்லை என்று அம்மா முன்னாலேயே சொல்வான். கிறிஸ்துமஸ் பிரியாணியில் முதல் தட்டு இன்னும் அவனுக்குத்தான். திருவிழா வரி கேட்டு வரும் அன்பியத்துக்காரர்கள் (தெருவாரியான கத்தோலிக்கக் குழு) அவன் கதவையும் தட்டுகிறார்கள், அவனும் கொடுக்கிறான்.

2 செப்டம்பர், மதியம்

போப்பைப் பற்றி மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். அவர் வாயிலிருந்து வருவதெல்லாம் தவறாதது என்று எந்த மறைக்கல்வி வகுப்பிலும் எங்களுக்குச் சொல்லித் தரவில்லை. 1870இல் முதல் வத்திக்கான் சங்கம் (பிஷப்புகள் கூடும் பேரவை) வகுத்தது ஒரு குறுகலான விதி. விசுவாசம், ஒழுக்கம் சார்ந்த ஒன்றை முழுத்திருச்சபைக்கும் இறுதியாக அறிவிக்கும்போது மட்டும்தான் அது பொருந்தும். அதன்பின் அப்படி அறிவித்தது 1950இல், மாதா உடலோடு விண்ணேற்றம் அடைந்தார் என்பதற்கு.

இப்போது நடைமுறைக்கு வாருங்கள். 1968இல் போப் ஆறாம் பவுல், செயற்கைக் கருத்தடை கூடாது என்று சொன்னார். அவர் ஆலோசனைக் குழுவின் பெரும்பான்மையே மாறாகச் சொல்லியிருந்தது, அதையும் மீறிச் சொன்னார். எங்கள் தெருவில் காலை ஆறு மணிப் பூசையைத் தவறவிடாத பெண்கள் எல்லோரும் ரெண்டு பிள்ளையோடு ஆபரேஷன் பண்ணிக்கொண்டவர்கள். முழங்கால் வலியோடு நற்கருணை வரிசையில் நிற்பார்கள். எந்த சாமியாரும் கேட்டதில்லை, அவர்களும் சொன்னதில்லை, யாருக்கும் உறுத்தலும் இல்லை. தலைவன் சொல் படுக்கையறை வரை செல்லுபடியாவதுதான் கல்ட்டின் முதல் அடையாளம் என்று படித்திருக்கிறேன். 57 வருஷமாக எங்கள் வீடுகளில் அது செல்லுபடியாகவில்லை.

2 செப்டம்பர், மாலை

மாதுங்காவிலிருந்து எழுதியவருக்கு: மாதாவுக்குச் சேலை கட்டுவதும் காவி உடுத்துவதும் "இந்துக்களை இழுக்கும் தந்திரம்" இல்லை. அந்தக் காவியைக் கட்டிக்கொண்டு வருவோரில் எத்தனையோ பேர் இந்துக்கள்தான், திரும்பிப் போகும்போதும் இந்துக்களாகவே போகிறார்கள். பெயர் எழுதிக்கொள்ள வாசலில் ஆள் கிடையாது. புர்கா போட்ட அம்மாக்கள் மெழுகுவர்த்தி ஏற்றுவதை ஒன்பது நாளும் பார்க்கலாம். வேலி இல்லாத இடத்தை எப்படிக் கல்ட் என்பது?

3 செப்டம்பர், இரவு

பாவசங்கீர்த்தனம், அதாவது குருவிடம் பாவத்தைச் சொல்வது, பற்றி நிதானமாக எழுத வேண்டும் என்று தள்ளிப்போட்டேன்.

ராபர்ட் ஜே லிஃப்டன் என்ற மனநல மருத்துவர் 1961இல் மூளைச்சலவைக்கு எட்டு அடையாளங்கள் வகுத்தார். இன்று கல்ட் பற்றிப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் அங்கிருந்துதான் தொடங்குகிறார்கள். எட்டில் ஒன்று, ஓயாமல் ஒப்புக்கொள்ள வைப்பது. "பார்த்தீர்களா, ஆர்.சி.யேதான்" என்கிறார் நம் டெல்லி நண்பர். லிஃப்டன் யாரைப் பேட்டி கண்டு இந்த முடிவுக்கு வந்தார் தெரியுமா? சீனச் சிறைகளில் சீர்திருத்தம் என்ற பெயரில் வதைபட்டு வெளியே வந்தவர்களை. அவர்களில் கத்தோலிக்கக் குருக்களும் உண்டு. அந்தக் குருக்கள் பாவசங்கீர்த்தனம் கேட்டே பழகியவர்கள். சிறையில் நடந்தது அது இல்லை என்பதுதான் என் எண்ணம்.

வித்தியாசம் எங்கே? எங்கள் கோயிலில் அந்தப் பெட்டி தேக்குமரம். நடுவில் துளை போட்ட தட்டி, நெற்றி பட்டுப் பட்டு அந்த இடம் மட்டும் எண்ணெய் ஏறிக் கறுத்திருக்கும். உள்ளே இருக்கிறவர் முகம் தெரியாது, நாந்தான் இன்னார் என்று நானும் சொல்ல வேண்டாம். எழுதி வைப்பதில்லை. வெளியே சொன்னால் அவரே சபைக்குப் புறம்பாக்கப்படுவார். கட்டாயம் என்று பார்த்தால் 1215இல் நான்காம் லாத்தரன் சங்கம் வைத்த விதிதான், வருஷத்துக்கு ஒருமுறை. தட்டிக்கு அந்தப் பக்கம் இருப்பவருக்கு என் மேல் எந்தப் பிடியும் கிடைக்காதபடி செய்த ஏற்பாடு அது. கல்ட்டில் ஒப்புக்கொள்வது எதற்கு? பிடி கிடைப்பதற்கு.

இன்னொரு பக்கமும் சொல்லிவிடுகிறேன். புதுநன்மைக்கு (முதல்முறை நற்கருணை வாங்குவது) முன் எட்டு வயசுப் பிள்ளைக்கு "உன் பாவங்களைப் பட்டியல் போடு" என்று நோட்டுக் கொடுத்தார்கள். எனக்குப் பாவம் கிடைக்கவில்லை. தம்பியை அடித்தேன் என்று பொய் எழுதி, பொய் சொன்ன பாவத்தையும் சேர்த்துக்கொண்டேன். ராத்திரியெல்லாம் நரக பயம். என் மகளுக்கு அப்படி நடக்க விடவில்லை. மறைக்கல்வி டீச்சரிடம் போய்ப் பேசினேன், அவரும் கேட்டுக்கொண்டார்.

4 செப்டம்பர், நள்ளிரவு

"உங்களுக்கு நிஜக் கல்ட்டைத் தெரியுமா, சும்மா புத்தகம் பேசுகிறீர்களா" என்று கேட்டவருக்கு இது.

என் சித்தி மகன். ஓசூர் ரோடு பக்கம் வேலை. என்னை அக்கா அக்கா என்று சுற்றி வந்தவன். ஒரு ஹார்டுவேர் கடை மாடியில் நடக்கும் ஜெபக் கூட்டத்துக்கு நண்பன் கூப்பிட்டுப் போனான். பெயர் சொல்ல மாட்டேன். எந்தப் பெரிய சபையோடும் சேராதது, ஒரே ஒரு பாஸ்டர். அவனைப் பார்க்கத்தான் நான் அங்கே போனேன். படியேறினதும் ஒரு பிளாஸ்டிக் கூடை, போனை அதில் போடணும். பிறகு ஒரு கவர் தருகிறார்கள். பெயர், மாதச் சம்பளம், தசமபாகம் (சம்பளத்தில் பத்தில் ஒரு பங்கு காணிக்கை) என்று மூன்று கோடு அச்சடித்திருக்கும். சம்பளத்துக்குப் பக்கத்தில் சின்னதாக "சீட்டு இணைக்கவும்". முன்வரிசையில் ஒரு பெண் எழுந்து தன் கணவனைப் பற்றி வெளியே சொல்லக்கூடாததையெல்லாம் மைக்கில் சொன்னாள். பாஸ்டரின் மனைவி குறித்துக்கொண்டே இருந்தார்.

ஆறே மாதத்தில் அவன் பேச்சு மாறியது. "அக்கா, நீங்க விக்கிரகக் கூட்டம், ரோமாபுரி வேசி" என்றான். சித்தி ஜெபமாலையைக் கழற்றி வைத்தால்தான் வீட்டுக்கு வருவேன் என்றான். சித்தப்பாவின் முதல் வருஷ நினைவுப் பூசைக்கு வரவில்லை. கல்யாணம் பாஸ்டர் சொல்லும் பெண்ணோடுதான். வேலை மாறலாமா என்பதையும் அவரிடம் கேட்டுத்தான் முடிவு செய்தான்.

எனக்குக் கல்ட் என்ற சொல்லுக்கு முகம் அந்தக் கூடையும் அந்தக் கவரும்தான். பெந்தகோஸ்தே எல்லாம் இப்படி என்று யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். என் அலுவலகத் தோழி அசெம்பிளிஸ் ஆஃப் காட், அவள் சபையில் கணக்கு வழக்கு ஆண்டுக்கூட்டத்தில் வாசிக்கிறார்கள்.

5 செப்டம்பர், காலை

"இப்படிப்பட்டவற்றைத் தடை செய்யணும்" என்று வந்த பதில்களைப் பார்த்துத்தான் அவசரமாக எழுதுகிறேன். வேண்டாம். நம் நாட்டுச் சட்டம் எது கல்ட் எது மதம் என்று கேட்பதே இல்லை. 1982இல் ஆரோவில் வழக்கில் உச்ச நீதிமன்றம் பொதுவான நம்பிக்கை, பொதுவான அமைப்பு, தனிப்பெயர் என்று மூன்றைப் பார்த்தது. அரவிந்தரின் வழியினர் தனி மதப்பிரிவு ஆக மாட்டார்கள் என்று தீர்ப்பாயிற்று. அதைத் தாண்டி, அரசியலமைப்பின் பிரிவு 25இன்படி பொது ஒழுங்கு, அறநெறி, சுகாதாரம் இவைதான் முக்கிய எல்லை.

அது போதும். கர்நாடகத்தில் 2022இல் வந்த மதமாற்றத் தடைச் சட்டம் நினைவிருக்கிறதா? மதம் மாற விரும்புகிறவர் முப்பது நாள் முன்னாலேயே மாவட்ட மாஜிஸ்திரேட்டுக்கு எழுதிக் கொடுக்கணும். 2023 ஜூனில் அமைச்சரவை அதை நீக்க முடிவெடுத்தது. கல்ட் என்ற சொல்லைப் போலீஸ் கையில் கொடுத்தால் முதலில் சிக்குவது வாடகை மாடியில் ஜெபிக்கும் ஏழை ஜனம். அடுத்து ஆர்.சி. என் சித்தி மகன் திரும்பி வரணும் என்று தினமும் வேண்டுகிறேன். போலீஸ் ஜீப்பில் வர வேண்டாம்.

5 செப்டம்பர், இரவு

பிள்ளைகளைச் சீரழித்த குருக்களைப் பற்றி நான் பேசவே இல்லை என்று கோபமாக எழுதியவரே, உங்கள் கோபம் நியாயம். அதை எழுத மனதைத் திடப்படுத்திக்கொள்ள வேண்டியிருந்தது.

2002இல் அமெரிக்காவின் பாஸ்டனில் ஒரு நாளிதழ் இதை அம்பலப்படுத்தியது. 2018இல் பென்சில்வேனியா கிராண்ட் ஜூரி அறிக்கை, ஆறு மறைமாவட்டங்களில் 300க்கும் மேற்பட்ட குருக்கள், அடையாளம் தெரிந்த பிள்ளைகளே ஆயிரத்துக்கு மேல். 2021இல் பிரான்ஸ் விசாரணைக் குழுவின் மதிப்பீடு, 1950லிருந்து குருக்களாலும் துறவிகளாலும் பாதிக்கப்பட்டவர்கள் 2,16,000 பேர். பிஷப்புகளுக்குத் தெரிந்தது. அந்தக் குருக்களை வேறு பங்குக் கோயில்களுக்கு மாற்றி அனுப்பினார்கள். பெற்றோரை வாயடைத்தார்கள். "எங்கோ சிலர்" என்று இதைக் கடந்துபோகும் கத்தோலிக்கரோடு நான் வாதாடியே அலுத்துவிட்டேன்.

இது சபையைக் கல்ட் ஆக்குமா? முழுச்சபையை ஆக்காது என்றே நினைக்கிறேன். ஆனால் முதல் நாள் நான் "இல்லை" என்று போட்ட வரிக்குப் பக்கத்தில் இன்னொன்றை வைக்க வேண்டும். சபைக்குள் கல்ட்டுகள் இருந்திருக்கின்றன, பதவியும் புகழும் பெற்றே இருந்திருக்கின்றன. மெக்சிகோவில் மார்சியல் மாசியெல் என்ற குரு 1941இல் தொடங்கிய துறவுச் சபையில், மேலதிகாரியைக் குறை சொல்ல மாட்டேன் என்று தனி வாக்குறுதியே வாங்கினார்கள். குறை சொல்பவனைக் காட்டிக்கொடுக்கவும் வேண்டும். அந்த ஆள் தன் குருமாணவர்களையே கெடுத்தவர். பல வருஷம் புகார்கள் போயும் போப் இரண்டாம் ஜான் பால் அவரைப் பாராட்டிக்கொண்டிருந்தார். 2006இல்தான் வத்திக்கான் அவரை ஒதுக்கியது, அந்த வாக்குறுதியைப் போப் பதினாறாம் பெனடிக்ட் 2007இல் ரத்து செய்தார். பெருவில் 1971இல் தொடங்கிய சொடாலிசியோ என்ற அமைப்பை 2025இல் கலைத்தே விட்டார்கள். அங்கே பத்திரிகையாளர்கள் தோண்டாமல் இருந்திருந்தால் கலைத்திருப்பார்களா, சந்தேகம்தான்.

மாசியெலின் அந்த வாக்குறுதியை லிஃப்டனின் எட்டோடு வைத்துப் பாருங்கள். கூடை, கவர் எல்லாம் அங்கேயும் இருக்கிறது, பளிங்குத் தரையில். பெரிய மதம் என்ற பெயர்தான் அவர்களுக்கு மறைப்பாக இருந்தது. ஓசூர் ரோடு மாடியை ஒரு ஃபோட்டோ எடுத்துப் போட்டால் நாளைக்கே நாலு பேர் கேள்வி கேட்பார்கள். பிஷப்புகள் வந்து ஆசீர்வதித்த வீட்டை யார் கேட்பார்கள்?

6 செப்டம்பர்

"கன்னியாஸ்திரிகள் வாயைத் திறக்கவே முடியாது" என்கிறவருக்கு ஒரே ஒரு காட்சி. 2018 செப்டம்பர், கொச்சி, உயர் நீதிமன்றம் பக்கம். ஐந்து சிஸ்டர்கள் துறவு உடையோடு ரோட்டில் உட்கார்ந்து, ஒரு சிஸ்டரைப் பலாத்காரம் செய்ததாகப் புகாருக்கு ஆளான ஜலந்தர் பிஷப்பைக் கைது செய் என்றார்கள். கைதானார். 2022 ஜனவரியில் கோட்டயம் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது, தீர்ப்பு அதுதான். நான் சொல்ல வருவது, அந்த ஐந்து பேரும் உடையைக் கழற்றாமல், "நாங்கள் சபையின் பிள்ளைகள்" என்ற நினைப்போடேயே ரோட்டுக்கு வந்தார்கள். அவர்களுக்கு ஆதரவாகக் குருக்களும் வந்து உட்கார்ந்தார்கள். எதிர்ப்பாகவும் எத்தனையோ பேர் பேசினார்கள், அந்தப் பேச்சைக் கேட்டு எனக்கு வயிறு எரிந்தது.

6 செப்டம்பர், மாலை

சாதி. யாராவது கேட்பீர்கள் என்று காத்திருந்தேன், விழுப்புரத்துக்காரர் கேட்டுவிட்டார். ஆமாம். திருச்சியில் கல்லறைத் தோட்டத்துக்குள் சுவர். 2008இல் எறையூரில் ஒரே கோயில் ஜனம் இரண்டாகப் பிரிந்து மோதி, போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் இரண்டு உயிர் போனது. தலித் கிறிஸ்தவர்கள் 1950ஆம் வருஷத்து ஜனாதிபதி ஆணையால் பட்டியல் சாதி உரிமையும் இல்லாமல், சபைக்குள்ளும் கடைசி பெஞ்சில் இருக்கிறார்கள். ஹைதராபாத் பேராயர் பூலா அந்தோணி 2022இல் கர்தினால் ஆனபோதுதான் ஒரு தலித் அந்த இடத்துக்கு முதன்முதலாக வந்தார்.

இது கல்ட்டின் நோய் இல்லை, ஊரின் நோய். ஊர் செருப்போடு கோயிலுக்குள் வந்துவிட்டது. கல்ட் இதில் நேர் எதிராக நடக்கும், அதுதான் எனக்கு வலிக்கிறது. அந்த ஹார்டுவேர் கடை மாடியில் யார் என்ன சாதி என்று யாரும் கேட்கவில்லை. ஒரே பாயில் உட்கார்ந்து ஒரே அண்டாவில் சாப்பிட்டார்கள். என் சித்தி மகன் எங்கள் பங்கு இளைஞர் குழுவில் வருஷக்கணக்கில் நாற்காலி தூக்கிப் போட்டவன். சித்தப்பா வேற சாதி என்பதால் அவனை ஒருநாளும் மேடைக்குக் கூப்பிடவில்லை. அங்கே போன முதல் வாரமே பெயர் சொல்லிக் கட்டிப்பிடித்தார்கள். அவனை யார் துரத்தினது என்று கேட்டால் எங்கள் பங்கைத்தான் கை காட்டுவேன்.

7 செப்டம்பர், மதியம்

கன்னடப் பூசை, தமிழ்ப் பூசை சண்டை பற்றி இங்கே இழுக்க வேண்டாம். பெங்களூரு ஆர்.சி.க்களுக்கு அது தனிப் புராணம். மேலிடம் சொன்னதும் எல்லோரும் தலையாட்டும் கூட்டம் என்று எங்களை நினைப்பவர்கள் ஒரு பங்குப் பேரவைக் கூட்டத்துக்கு வந்து பாருங்கள், அவ்வளவுதான்.

7 செப்டம்பர், இரவு

விட்டுப் போவது பற்றி முதல் நாள் எளிதாக எழுதினேன். அண்ணன் கதை உண்மைதான், அதோடு முடியவில்லை.

ஜெர்மனியில் அரசு அலுவலகத்தில் ஒரு தாள் நிரப்பினால் சபையிலிருந்து வெளியே. 2022இல் மட்டும் ஐந்து லட்சத்துக்கு மேல் கத்தோலிக்கர் அப்படிப் போனார்கள், யாரும் மறிக்கவில்லை. ஆனால் சபையின் சொந்தச் சட்டத்தில் முறைப்படி விலகுவது என்று இருந்த வாசகத்தை 2009இல் எடுத்துவிட்டார்கள். ஞானஸ்நானப் புத்தகத்தில் எழுதின பெயர் எழுதினதுதான்.

நம் ஊரில் பிடி வேறு இடத்தில் இருக்கிறது. கல்யாணத்துக்கு ஓலை (கோயிலில் வாசிக்கும் கல்யாண அறிவிப்பு) வாசிக்கப் பங்குக் கடிதம் வேண்டும். அடக்கத்துக்கும் கடிதம் வேண்டும். என் தோழியின் அப்பா இறந்தபோது, நகரத்தின் கிழக்குப் பக்கம் ஒரு பங்கில் "பல வருஷமாகச் சந்தா கட்டவில்லை, பூசைக்கும் வருவதில்லை" என்று கடிதம் தர மறுத்தார்கள். பிரேதம் வீட்டில். நாங்கள் பென்சன் டவுனில் பேராயர் இல்லத்துக்கு ஓடினோம். அங்கிருந்து ஒரு ஃபோன் போனது, சாயங்காலத்துக்குள் அடக்கம் நடந்தது. அன்று மத்தியானம் முழுக்க அந்தப் பெண் அழுததை நான் பார்த்தேன். செத்தவர் உடம்பை வைத்துச் சந்தா கேட்கிற இடத்தில் மதமும் கல்ட்டும் ஒரே நாற்காலியில்தான் உட்கார்ந்திருக்கின்றன. வித்தியாசம், ஓடிப்போய் முறையிட இன்னொரு கதவு இருந்தது. மாடிக்கூட்டத்தில் பாஸ்டருக்கு மேல் யார்? அவரே தீர்க்கதரிசி, அவரே கணக்குப்பிள்ளை.

அந்த இன்னொரு கதவு திறக்காமல் போன இடங்களில்தான் பாஸ்டன், பென்சில்வேனியா எல்லாம் நடந்தது. அதனால் என் பதில் மாறவில்லை, கனம் கூடியிருக்கிறது. ஆர்.சி. மதம்தான். ஆனால் எந்தப் பங்கும் எந்த மடமும் அந்தப் பெயரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு கல்ட் நடத்த முடியும்.

9 செப்டம்பர், காலை

தேர் பார்த்து வந்து தூங்கி எழுந்தேன். கேள்வி கேட்ட தம்பி தனியாகக் கேட்டிருக்கிறார்: ரூம்மேட் அடுத்த வாரம் ஐந்து நாள் தங்கி ஜெபிக்கும் தியானத்துக்குப் போகிறானாம், பயப்படணுமா?

தியானம் என்றதும் பயப்பட வேண்டாம், நானே பலமுறை போயிருக்கிறேன். அவனிடமே கேளுங்கள். சாயங்காலமாவது போன் கையில் இருக்குமா? நடுவில் பிடிக்காவிட்டால் பையைத் தூக்கிக்கொண்டு வந்துவிடலாமா? அங்கே நடந்ததை உங்களிடம் சொல்லலாமா, இல்லை "வெளியாட்களுக்குச் சொல்லாதே" என்பார்களா? உண்டியல் போதுமா, சம்பளச் சீட்டுக் கேட்பார்களா? நடத்துகிறவர் எந்த மறைமாவட்டம், அவருக்கு மேல் பெரியவர் யார் என்று அவனுக்குத் தெரியுமா? கேட்டதற்கு அவன் சிரித்துக்கொண்டே பதில் சொன்னால் நிம்மதியாக அனுப்புங்கள். கேள்வி கேட்டதற்கே கோபப்பட்டால், அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று விடாமல் கேளுங்கள், ஆனால் அவனைக் கேலி செய்யாதீர்கள். நான் என் சித்தி மகனிடம் பேச்சை அறுக்கவே இல்லை. பண்டிகைக்கு ஃபோன், பிறந்தநாளுக்கு ஃபோன். "விக்கிரகக் கூட்டம்" என்பான், சரிடா, சாப்பிட்டியா என்பேன். சித்தி இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு ஜெபமாலையைப் பைக்குள் போட்டுக்கொண்டு அந்த மாடிக்கே போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்துவிட்டு வருகிறார், மகனைப் பார்க்க.

தியான மையத்தின் முகவரியையும் திரும்பும் தேதியையும் ரூம்மேட்டிடம் வாங்கி வையுங்கள். அந்தத் தேதியில் அவன் வராவிட்டால் அன்றைக்கே எனக்கு எழுதுங்கள். பென்சன் டவுனில் யாரிடம் பேசுவது என்று எனக்குத் தெரியும்.